நாக்கில் ஒட்டாத எலும்பு

"கல்லான மரம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் தலைமை ஆய்வாளர். நாக்கு நுனியால் இன்னொரு தரம் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். "ஒட்டவே இல்லை. எலும்பா இருந்தா கப்புனு பிடிச்சுக்கும்."

எலும்புக்குள் இருக்கும் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சும். கல்லாக மாறிய பிறகும் அந்தப் புத்தி போகாது. அருங்காட்சியகத்தில் எல்லோரும் நம்பும் சோதனை அது.

மேசைக்கு எதிரே, அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் சித்தப்பா முகம் தொங்கிப்போய் நின்றார். சாலைக்காக மேட்டை வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர். தண்ணீர்க்குடம் அளவிருந்த அந்தத் துண்டைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு, சாக்கில் சுற்றி, அந்த அண்ணன் மகளிடமே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆய்வாளர் 'மரம்' என்று கையெழுத்துப் போட்டால், மூன்று மணிக்கு அதே மேட்டை அவரே வெட்டித் தள்ள வேண்டும்.

அண்ணன் மகளை அங்கே எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் மூன்று முறை பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள். போன மாதம் ஒரு கூழாங்கல்லை முட்டை என்று சொல்லி மானம் கப்பலேறியதிலிருந்து நான்கு முறை. இப்போது ஐந்தாவது முறையாகக் குனிந்து பார்த்தாள். உடைந்த பக்கத்தில் மரத்தின் வளையங்கள் இல்லை, தேனடைபோலத் துளைகள். ஒரு முனையில் இரண்டு குமிழ்கள், நடுவே பள்ளம்.

"சார், முழங்கால் மூட்டு மாதிரி..."

"நாக்கு பொய் சொல்லாதும்மா." பேனாவைத் திறந்து 'மரம்' என்று எழுதினார்.

அவளும் நக்கிப் பார்த்தாள். ஒட்டவில்லை. வழவழவென்று, ஏதோ கசந்தது.

கல் எப்படிக் கசக்கும்?

"சித்தப்பா, இதுமேல என்ன தடவுனீங்க?"

"நொறுங்கிடக் கூடாதேன்னு மரப்பசை ரெண்டு தடவை பூசினேன். நம்ம கதவுக்குப் பூசினேனே, அதே பசைதான்."

"ஐயோ சித்தப்பா! துளையெல்லாம் அடைச்சுட்டீங்களே!"

சாக்கை உதறினாள். அடியில் விரல் நகம் அளவு சில்லு ஒன்று கிடந்தது; பசை படாதது. நாக்கில் வைத்தாள். கையை எடுத்தாள். சில்லு விழவில்லை.

ஆய்வாளர் இன்னொரு சில்லைத் தேடி எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டார். அவருக்கும் விழவில்லை. நாக்கை நீட்டியபடியே ஏதோ சொன்னார், ஒருவருக்கும் புரியவில்லை.

"பிடுங்கிட்டுப் பேசுங்க சார்" என்றார் சித்தப்பா.

"எலும்பு! அந்தப் பாறை டைனோசர் காலத்தது. இவ்வளவு பெரிய தொடையெலும்பு அப்ப வேற யாருக்கு இருந்திருக்கும்?" எழுதிய காகிதத்தை நான்காகக் கிழித்தார். சாலைப் பொறியாளருக்கு எண்ணைச் சுழற்றிவிட்டுத் தொலைபேசியை அவளிடம் நீட்டினார். "கண்டுபிடிச்சது நீ. நீயே சொல்லு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆறாவது முறை பார்க்கத் தோன்றவில்லை.

"அந்த மேட்டுல இனி யாரும் கை வைக்காதீங்க. உள்ள டைனோசர் இருக்கு" என்றாள். "'இருக்கலாம்' இல்லைங்க. 'இருக்கு'."