குளிர்காலப் பிசுக்கு

கடல் ஆய்வு நிலையத்தில் அவருக்குப் பெயர் பிசுக்கு சார். கடல் தண்ணீரின் மேல் தோல் மாதிரி படர்கிற மெல்லிய பிசுக்கை வருஷக்கணக்காக அளக்கிறவர். கண்ணாடித் தகட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒட்டி வந்ததை ரப்பர் பட்டையால் வழித்துப் புட்டியில் அடைப்பார். அதற்கே ஏதோ கடலைப் பெற்றவர் மாதிரி ஒரு நடை.

நுண்பாசி பெருகுகிற கோடையில் பிசுக்கு கூடும், குளிரில் குறையும். அந்தக் கரையில் எல்லாரும் கண்டது அதைத்தான். இவர் புட்டியில் மட்டும் தலைகீழ். குளிர் வந்தால் எகிறும். ஊரோடு ஒத்துப்போக அவர் என்ன சாமானியரா? "மத்தவன் எல்லாம் தப்பு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார். கைதட்டவும் ஆள் இருந்தது. எங்கேதான் இல்லை?

அங்கேயே அதே வேலை பார்த்த மச்சினன் அளந்தால், குளிரில் பிசுக்கு ஒழுங்காகக் குறைந்தது.

"புத்தகத்தைப் பாத்து எண் போடுறான். கையுறை மாட்டிக்கிட்டு மாதிரி எடுக்கிறவனெல்லாம் ஒரு ஆராய்ச்சியாளனா? சொந்தக் கையையே நம்பாத பய!" என்று சாப்பாட்டு மேசையில், அவன் அக்காவின் முகத்துக்கு நேராகவே திட்டுவார். மேலிடத்திலும் போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஒரு குழு வந்து இறங்கியது. மறுநாள் காலை ஒரே படகில் இருவரும் மாதிரி எடுக்க வேண்டும். யார் எண் பொய்யோ அவருக்கு வேலை இல்லை.

"என் தம்பி வாயில மண்ணைப் போடுறீங்களே, பாவமா இல்லையா?" என்றாள் மனைவி.

"அவன் புளுகுக்கு நான் என்ன பண்ண? இங்க வா, காட்டுறேன்." இரண்டு கிண்ணத்தில் குடிதண்ணீர் ஊற்றி, முகப் பவுடர் தூவினார். "பிசுக்கு பட்டா பவுடர் ஓடும், பாரு." அன்று நிலையத்திலிருந்து கொண்டுவந்த கடல் தண்ணீரில் விரலை நனைத்து முதல் கிண்ணத்தில் தொட்டார். பவுடர் சிதறி ஓரத்துக்கு ஓடியது. "பாத்தியா! இதுதான் என் கடல்."

அவள் கழுவித் துடைத்த கரண்டியால் அதே கடல் தண்ணீரை எடுத்து அடுத்த கிண்ணத்தில் சொட்டினாள். பவுடர் இருந்த இடத்திலேயே கிடந்தது.

அவள் அவர் கையைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. குளிர் தொடங்கினால் அவருக்குக் கை வெடிக்கும். காலையும் மாலையும் கிரீம் தடவி விடுவது அவள்தான்.

"அடக் கடவுளே! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையால்ல இருக்கு! கையில பூசிக்கிட்டா கடல்ல தேடினீங்க?" சிரிப்பு தாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு மனுஷனாக இருந்தால் அந்த நிமிஷமே மச்சினன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். இவரா? முகம் வெளுத்து, "வெளியே மூச்சு விட்டே, நடக்கிறதே வேற!" என்று உறுமிவிட்டுப் போய்ப் படுத்தார். அவள் சிரிப்பு அதோடு நின்றுபோனது.

காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். கிரீம் பூசாத கையோடு போனால் எண் விழும், எண் விழுந்தால் வேலை போகும். வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். வெட்கங்கெட்ட கை!

"ம், தடவு."

"டப்பா இல்லீங்க."

"எங்கே போச்சு?"

"விடிஞ்சதும் தம்பி வந்து வாங்கிட்டுப் போனான். குழுக்காரங்க உங்க பழைய புட்டிகளோட பக்கத்துல வச்சு அதையும் அளக்கப் போறாங்களாம்."

அவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"படகுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க, கிளம்புங்க" என்றாள். "கையைக் கழுவணும்னா வெறும் தண்ணில கழுவுங்க. சோப்பும் பிசுக்குக் கணக்குல ஏறுமாம், தம்பி சொன்னான்."