வாங்க சொன்ன குப்பாயி

வெள்ளக்கரட்டுக்குப் பஸ் கிடையாது. வெண்ணந்தூர்ப் பிரிவு ரோட்டில் இறங்கி, காட்டு வழியே வெயிலைத் தின்றுகொண்டு நடந்தால்தான் ஊர். இதனால் யாருக்கு நட்டமோ இல்லையோ, குப்பாயியின் மகன் நாச்சிமுத்துவுக்கு நட்டம். பையன் தங்கம், கிணற்றில் தண்ணீர் உண்டு, கட்டுத்தரையில் எருமை உண்டு. என்ன இருந்து என்ன? பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வியே ஊருக்குப் பஸ் போகிறதா என்பதுதான். திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சின்னுசாமி மரியாதையான மனுஷர். அவரும், பிள்ளைத்தாய்ச்சியாக என் மகள் அத்தனை தூரம் எப்படி நடப்பாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். குப்பாயிக்கு வயிறு எரிந்தது. ஊரைக் குறை சொன்னால் அவளுக்குத் தன்னைச் சொன்ன மாதிரி.

அந்தத் தை மாதம்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். எழுபத்தேழில் பெய்த மழைக்கு ஏரி தளும்பி, தாமரை மண்டி, பின்னால் கரட்டுக் குன்று குளித்த பிள்ளை மாதிரி நின்றது. மதராசிலிருந்து வந்த டைரக்டர் சுவாமிநாதன் பார்த்த மாத்திரத்தில் பாட்டை இங்கேதான் எடுப்பது என்று முடிவுகட்டிவிட்டார். கதாநாயகன் ஏரிக்கரை மேல் பாடிக்கொண்டு வருவான். எதிரே, அங்கே புல்லறுத்துக்கொண்டிருந்த குப்பாயி தலையில் புல்லுக்கட்டோடு அவனைப் பார்க்காமல் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கேதான் வந்தது வம்பு. நாயகன் கிட்டே வந்ததும் குப்பாயி ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க" என்றாள். நிறுத்தினார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் "வாங்க". உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்து பார்த்தாள். ஆள் பக்கத்தில் வந்ததும் உதடு தானாகப் பிரிந்துகொண்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே வந்தவனை வாங்க என்று கேட்காமல் போனதற்காகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் அந்தச் சீமையில் உண்டு. டைரக்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அவர் ஒன்றும் உன் வீட்டுக்கு வரவில்லையம்மா என்றார்.

"எங்கூருக்கு வாராருங்களே சாமி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா எங்கள ஒரு மனுசன்னு மதிப்பாங்களா?" என்றாள் குப்பாயி.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போகட்டும், அப்படியே இருக்கட்டும் என்று தலையிலடித்துக்கொண்டு எடுத்து முடித்தார்.

படம் சேலத்துக்கு வந்தது. அவள் குரல் பாட்டுக்குள் அமுங்கிப்போயிருந்தது. ஆனால் உதடு சொன்னது வாங்கதான் என்று குருடனுக்கும் தெரிந்தது. முதல் வாரத்திலேயே தியேட்டரில் அது வாடிக்கையாகிவிட்டது. குப்பாயி திரையில் உதடு பிரித்தால் போதும், கொட்டகை முழுக்க, "வந்துட்டமுங்க!" என்று கத்தும். நாச்சிமுத்து வெட்கத்தில் நாற்காலிக்குள் சுருங்கினான். குப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பாட்டில் வந்த ஏரி மைசூர்ப் பக்கம் என்று சாதித்தவர்களும் உண்டு. மைசூரில் எவள் இப்படி வாங்க சொல்லுவாள் என்று மற்றவர்கள் அவர்கள் வாயை அடைத்தார்கள். அமாவாசைக்குத் தறி நிறுத்தினால் அம்மாபேட்டை நெசவாளிகள் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். வெண்ணந்தூர்ப் பிரிவில் இறங்கி, வாங்க சொல்லுகிற அம்மா ஊர் எது என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். கரூரிலிருந்து கல்யாண ஜோடிகள் வந்தன. ஈரோட்டிலிருந்து வேன் வந்தது. குப்பாயி ஒருத்தரையும் விடவில்லை. அத்தனை பேரையும் வாங்க என்று கேட்டாள், மோர் கொடுத்தாள், தாமரையைக் காட்டினாள். இந்த ஊரையா நடக்க முடியாத ஊர் என்றார்கள் என்று உள்ளுக்குள் பொங்கிக்கொண்டாள்.

பிரிவு ரோட்டில் பாதி பஸ் காலியாவதைப் பார்த்த பஸ் முதலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. எண்பதில், ராசிபுரத்திலிருந்து வெள்ளக்கரட்டுக்கே பஸ் வந்தது. வாழைமரம் கட்டி, சூடம் கொளுத்தி ஊரே எதிர்கொண்டது. ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றவள் குப்பாயி.

முதல் பஸ்ஸிலிருந்தே சின்னுசாமி இறங்கினார்.

குப்பாயி வாங்க என்றாள். அதில் குறை வைக்கவில்லை. கட்டில் போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் நாக்கில் வைத்திருந்ததை எடுத்து விட்டாள். "பஸ்ஸு வந்ததுக்கப்பறந்தான் எங்கூருக்கு வழி தெரிஞ்சுதுங்களாக்கும்?"

சின்னுசாமி சொம்பைக் கீழே வைத்தார். "ராசிபுரத்துல வந்து எறங்கறவரைக்கும் பஸ்ஸு உட்டதே எனக்குத் தெரியாதுங்க. நடக்கற நெனப்புலதான் பொறப்பட்டேன். படத்துல உங்களப் பாத்ததுல இருந்து எம்பொண்ணு வேற எடத்துக்குத் தலையாட்ட மாட்டேங்கறா. வழியில போறவனையே வாங்கன்னு கேக்கறவங்க, வூட்டுக்கு வாரவள உட்டுருவாங்களான்னு எங்கிட்டயே கேக்கறா. பஸ்ஸு இல்லாட்டி நடந்து போய்க்கறேங்கறா."

ஊரில் யாருக்கும் பேச்சில் தோற்காத குப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ற மருமவ எதுக்குங்க நடக்கோணும்?" என்றாள். "எங்கூருக்குப் பஸ்ஸு வருதுங்க."