ஒரு லிட்டரில் எத்தனை மோல்

காளிதாசன் அந்த டயாலிசிஸ் மையத்துக்கு வரத் தொடங்கி இரண்டு வாரம் ஆன பிறகுதான் அகத்தாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. கோப்பில் பெயர் இருக்கத்தான் செய்தது. தகப்பன் பெயர் பக்கிரிசாமி, வயது ஐம்பத்து நான்கு, முன்பு கரங்கான் தோட்டத்தில், இப்போது மகளோடு சுங்கைப் பட்டாணியில். ஆனால் இருபது வருடமாகத் தலைமைத் தாதியாக இருப்பவள் எத்தனை கோப்புகளைப் பார்த்திருப்பாள்! முகமும் உதவவில்லை. சிறுநீரகம் கெட்டவர்களின் முகங்கள் ஒன்றுபோல ஊதி ஒன்றுபோலக் கறுத்துவிடுகின்றன.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு போத்தல்.

அன்று அவர் கையில் ஊசி ஏற்றுவதற்காக அகத்தா தள்ளுவண்டியை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் சும்மா இருக்காமல் கிருமிநாசினிப் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். போத்தலை ஒரு சுற்றுச் சுற்றி, உதடு அசைய, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

அகத்தாவின் கையிலிருந்த பிளாஸ்திரி அப்படியே நின்றது.

"நீங்க பீடோங்லேருந்து பஸ்ல வந்து ஆறாம் பாரம் படிச்சவரா?"

அதுவரை அவளை மற்ற நோயாளிகளைப் போலவே 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டு வந்தவர், அப்போதுதான் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். அதையும் இரண்டு தடவை.

"அகத்தா இஞ்ஞாசிமுத்து," என்றார், வருகைப் பதிவேட்டைப் படிப்பது போல. "கடைசி மேசை."

"கடைசி மேசையேதான்."

அவள் ஊசியை ஏற்றினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயில் ரத்தம் ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் இருவரும் பீடோங்கைச் சுற்றியிருந்த இரண்டு தோட்டங்களிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு ஆறாம் பாரம், அதாவது பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு, படிக்க வந்தார்கள். அந்தப் பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது. அவர்கள் வேதியியல் கூடத்துக்குள் ஓடி நுழையும்போது நல்ல மேசைகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்திருப்பார்கள். மிச்சமிருப்பது மூடினாலும் ஒழுகும் குழாயை உடைய கடைசி மேசை. அப்படித்தான் அவர்கள் ஜோடியானார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பாடமெல்லாம் மலாயில். கரைசல் என்பது 'லாருத்தான்', செறிவு என்பது 'கெப்பெக்காத்தான்'. வாத்தியார் மிஸ்டர் ஊய் சுண்ணக்கட்டியால் பலகையை நிரப்பிவிட்டு, புரிந்ததா என்று கேட்பார். எல்லோரும் புரிந்தது என்பார்கள். அகத்தாவும் சொல்வாள். ஆனால் மோல் என்பது அவள் தலைக்குள் நுழையவேயில்லை. உப்புக்கு ஒரு எடை, சோடாவுக்கு ஒரு எடை, இரண்டும் ஒரு மோல் என்றால் அது என்ன கணக்கு? அதைத் தண்ணீரில் கரைத்து லிட்டரால் வகுப்பது எதற்கு? ஒரு பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கிவிட்டு, பஸ் நிற்குமிடத்தில் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள்.

காளிதாசன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். ஆறுதலெல்லாம் அவனுக்குச் சொல்ல வராது.

"உங்க தோட்டத்துல போட்டி விளையாட்டு அன்னைக்கு மைலோ கலக்குவாங்கல்ல?" என்று கேட்டான்.

"ஆமா. அதுக்கு என்னா?"

"பெரிய தோங்குல எத்தன டின் தூளு கொட்டுவாங்க?"

"ரெண்டு."

"கூட்டம் நெறைய வந்துட்டா?"

"தோங்குல இன்னும் தண்ணி ஊத்துவாங்க. சப்புனு இருக்கும்."

"மைலோ கொறஞ்சு போச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல. அதே ரெண்டு டின்தான்."

"அவ்வளவுதான்லா. உள்ள போட்டது மோலு. தோங்கு லிட்டரு. ஒரு கப்புக்கு எவ்வளவு மைலோ வருதுங்கிறதுதான் கெப்பெக்காத்தான். தண்ணி ஊத்தினா கப்பு சப்புனு ஆகும், மைலோ எங்கயும் ஓடிப்போகாது."

அன்று பஸ் வரத் தாமதமானது பற்றி அகத்தாவுக்குக் கவலையே இல்லை. பரீட்சைத் தாளைப் பிரித்து, தப்பாகப் போட்ட கணக்குகளை முழங்காலில் வைத்து மறுபடி போட்டாள். ஒவ்வொன்றாக விடை வந்தது.

செய்முறை வகுப்பில் எந்தப் போத்தலை எடுத்தாலும் ஒட்டியிருந்த தாளை இரண்டு தடவை வாசித்த பிறகே திறப்பான். அவன் கை நடுங்காது. கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்துக்குள் விட வேண்டும். கரைசல் நிறம் மாறி, வெள்ளைத் தாளை அடியில் வைத்தால் மட்டுமே தெரிகிற இளஞ்சிவப்பு வந்ததும் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு தாண்டினாலும் அடர்ந்த ரோஜா நிறமாகி எல்லாம் பாழாகிவிடும். மற்ற மேசைகளில் அடர்ந்த ரோஜாக்களாகப் பூத்துக்கொண்டிருக்கும். கடைசி மேசையில் மட்டும் இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு நிறம். மிஸ்டர் ஊய் வந்து குனிந்து பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போவார். அவரிடம் அதுதான் பெரிய பாராட்டு.

மாதிரிப் பரீட்சையில் அகத்தா வேதியியலில் காளிதாசனை முந்தினாள். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெரிய பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவனுடைய தோட்டத்துக்குப் போய் விசாரிக்க அந்த வயதில் அவளுக்குத் துணிச்சல் இல்லை. தான் முந்தியது பிடிக்காமல் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தது.

இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில், நான்கு மணி நேரம், அவர் எங்கும் போக முடியாமல் அவள் முன்னால் படுத்திருந்தார். அவர்கள் பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கண்டக்டரின் தொப்பியைப் பற்றி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை மீ கோரேங்கைப் பற்றி, மிஸ்டர் ஊய் இறந்த செய்தியைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை.

ஒருநாள் அவர், இயந்திரத்தில் செருகியிருந்த வெள்ளை டின்னைக் காட்டி, "இதுல என்னா?" என்று கேட்டார்.

"சோடியம் பைகார்பனேட். பத்து லிட்டர் தண்ணிக்கு எண்ணூத்தி நாப்பது கிராம்."

அவர் கண்ணை மூடினார். "சோடியம் இருபத்து மூணு, ஹைட்ரஜன் ஒண்ணு, கார்பன் பன்னெண்டு, ஆக்ஸிஜன் மூணு தடவ பதினாறு... எம்பத்து நாலு." கண்ணைத் திறந்து சிரித்தார். "லிட்டருக்குச் சரியா ஒரு மோலு! என்னா அழகா வச்சிருக்கான் பாரு."

'நீங்க' அன்றோடு போய்விட்டது.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. நோயாளிகளை இணைப்பதற்கு முன்பாக இயந்திரங்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். நான்காம் எண் இயந்திரம் முதலில் அலறியது. கரைசலின் செறிவு குறைவு என்று திரையில் சிவப்பு எழுத்து. அகத்தா அதை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். அதற்குள் ஏழு அலறியது. பிறகு இரண்டு, ஒன்பது. ஐந்து நிமிடத்தில் கூடம் முழுக்க அலறல். நாற்காலிகளில் காத்திருந்த பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"யாரையும் இணைக்காதீங்க!" என்று தாதிகளிடம் சத்தம் போட்டுவிட்டு, அகத்தா தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறைக்கு ஓடினாள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. இயந்திரம் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டாள். பட்டர்வொர்த்திலிருந்து வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார். கரைசல் கலக்கியது ஸ்டெஃபனி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண்.

"எப்பவும் போலத்தான் சிஸ்டர், டின்னுக்கு ஒரு பாக்கெட். கோடு வரைக்கும் தண்ணி. சத்தியமா," என்றாள்.

"அகத்தா." மூன்றாம் நாற்காலியிலிருந்து காளிதாசன் கையை உயர்த்தினார். "அந்தக் காலிப் பாக்கெட்ட கொஞ்சம் கொண்டா."

"அது அதே பாக்கெட்தான் காளி. ஸ்டோருக்கு நேத்து வந்தது."

"கொண்டாலா, பார்ப்போம்."

குப்பைத் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதே வெள்ளைப் பை, அதே நீல எழுத்து. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு முறை வாசித்தார். பையைத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பன்னிரண்டு இயந்திரங்கள் அலறிக்கொண்டிருக்க, அகத்தாவுக்கு அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

"ஐந்நூத்தி நாலு கிராம்," என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. ஐந்நூற்று நான்கு. ஆறு லிட்டருக்கு.

"அப்ப ஆறு மோலு," என்று அவர் தொடங்கினார்.

"பத்து லிட்டர் தண்ணியில..."

"பாயிண்ட் ஆறு!" இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அகத்தா கலக்கியதையெல்லாம் கொட்டச் சொன்னாள். ஸ்டோர் அறையின் பின்வரிசையில் பழைய பெட்டிகள் இருந்தன. எண்ணூற்று நாற்பது கிராம் என்பதை ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே கலக்கினாள். அளவுமானியில் சரிபார்த்து, இயந்திரங்களை மறுபடி ஓட்டினாள். ஒவ்வொன்றாக அலறல் அடங்கியது. ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதிய பெட்டிகளை ஒதுக்கி வைத்துப் பெரிய எழுத்தில் தாள் ஒட்டினாள். விநியோகிப்பவருக்கும் டாக்டருக்கும் எழுதினாள். பெட்டி வந்த அன்றே தான் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதினாள்.

ஸ்டெஃபனி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். காளிதாசன் அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. நான் தோட்டத்துல முப்பது வருசம் புல்லுக்கு மருந்து கலக்குனவன். ஒரு தடவ பத்து லிட்டர் தோங்குனு நெனச்சு அஞ்சு லிட்டர் தோங்குல கலக்கிட்டேன். புல்லும் போச்சு, பக்கத்துல இருந்த செம்பனைக் கன்னும் போச்சு. இங்கயாவது மிஷின் கத்துச்சு. புல்லு கத்தாது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அவர் ரத்தம் இயந்திரத்துக்குள் ஓடத் தொடங்கிய பிறகு, அகத்தா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேட்கணும் காளி. அப்ப நீ ஏன் சொல்லாம கொள்ளாம போன?"

அவர் குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா லோரியில செம்பனைக் குலை ஏத்துறப்ப வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. தோட்டத்து வீடு, வேலை செய்யுறவன் பேர்ல தானே? ரெண்டு வாரத்துல யாராவது வேலைக்குப் பேர் பதியணும், இல்லாட்டி வீட்ட காலி பண்ணணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அம்மா, ரெண்டு தங்கச்சி. நான் பதிஞ்சேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தேன்லா. லேப் ஜன்னல்கிட்ட நின்னேன். நீ கண்ணாடிக் குழாயப் பிடிச்சுக்கிட்டு இருந்த. கலர் மாறப்போற நேரம். மூச்சு கூட விடல நீ. அப்ப கூப்பிட்டிருந்தா ஒரு சொட்டு தாண்டிப் போயிருக்கும். முடியட்டும்னு நின்னேன். சரியா வந்துச்சு. தாள அடியில வச்சுப் பார்த்துட்டு நீயே சிரிச்ச. அதுக்கப்புறம் கூப்பிட மனசு வரல. போயிட்டேன்."

அந்த நாளை அகத்தா தேடிப் பார்த்தாள். எத்தனையோ நாள் தனியாக அந்த மேசையில் நின்றிருக்கிறாள். எது அந்த நாள் என்று தெரியவில்லை.

"நான் ரெண்டு மார்க்குல முந்திட்டேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டனு நெனச்சேன்."

"ரெண்டா? மூணு." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசமா இதையா நெனச்சுக்கிட்டிருந்த?"

அவள் எழுந்து, தேவையில்லாமல் அவருடைய ரத்த அழுத்தத்தை ஒரு முறை எடுத்தாள். எண்ணைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

மதியம் அவரை அழைத்துப்போக மகள் ஷாமளா வந்தாள். குலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவள். ஓட்டி வந்த காடியை வாசலில் வழியை மறித்து நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே வந்தாள்.

"ஏன்ப்பா இவ்வளவு லேட்டு? ஏதும் பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லம்மா. இவங்க அகத்தா. என் லேப் பார்ட்னர்."

"எந்த லேப்?"

"ஆறாம் பாரத்துல, கெமிஸ்ட்ரி லேப்," என்றாள் அகத்தா.

ஷாமளா அப்பாவைப் பார்த்தாள். "நீங்க ஆறாம் பாரம் படிச்சீங்களா? மூணாம் பாரத்தோட நிப்பாட்டிட்டேன்னு தானே சொன்னீங்க?"

காளிதாசன் பஞ்சு ஒட்டிய கையைத் தடவிக்கொண்டார். "முடிக்காதத சொல்லி என்னா ஆகப்போகுது?"

"முடிக்கலேனா என்னா? வகுப்புலயே உங்கப்பா கைதான் முதல் கை," என்றாள் அகத்தா. "நான் தாதியானதே அவரு சொல்லிக் குடுத்த மைலோ கணக்காலதான்."

வெளியே காடிக்குப் பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. ஷாமளா திரும்பியும் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள். "மொதல்லேருந்து சொல்லுங்க."