எல்குஜாவின் பக்கம் சாய்ந்த ஒயின்

எல்குஜா என்ற வெளியூர்க்காரர் உள்ளே நுழைந்த நாள் முதல், லமாராவின் கூடத்தில் ஊற்றிய ஒயின் எல்லாம் கோப்பைக்குள் அவர் பக்கமாகவே சாய்ந்து நின்றது. அவர் ஜன்னலோரம் போனால் ஜன்னல் பக்கம், கதவருகே போனால் கதவுப் பக்கம். விளிம்பில் வழிந்து மேசைத்துணி சிவந்தது. ருசி பார்க்கப் பேருந்தில் வந்திருந்த பயணிகள், மேசைதான் கோணல் என்று எண்ணிக்கொண்டு பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். லமாராவின் கொழுந்தன் பத்ரி கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "மேசை நேராத்தான் இருக்கு அண்ணி. ஆளுதான் சரியில்ல" என்றான்.

லமாராவுக்கும் அதே சந்தேகம். கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய ஒயின் ஜாடிகளோடு அந்தக் கூடம் முந்நூறு வருஷமாக அங்கே இருக்கிறது. நடுவில் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது, பிறகு திருப்பிக் கொடுத்தது. யாருடையதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று அந்தக் ககேதி வட்டாரத்தில் எவரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். கணவன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஒயினே தன் உண்மையான எஜமானை அடையாளம் காட்டுகிறதோ என்று அவள் பயந்தாள்.

அவர் மறுபடி மறுபடி வந்தார். ஒரு கோப்பை வாங்குவார், குடிக்க மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். லமாரா கெட்டுக் காடியாகிப்போன தன் ஒயினை ஊற்றி வைத்தாள், அதுவும் சாய்ந்தது. கடையில் வாங்கிய ஒயினை ஊற்றினாள், அது அசையவில்லை. இந்தக் கூடத்து ஒயின் மட்டும்தான் அவரை அறிகிறது என்று அவளுக்கு உறுதியாயிற்று. பத்ரி விடுதிவரை பின்தொடர்ந்து போய், ஆள் குதாயிசி நகரத்தில் பல் மருத்துவர் என்று மட்டும் அறிந்து வந்தான். "பல்லப் பிடுங்குறவனுக்கு வீட்டப் பிடுங்கத் தெரியாதா?"

கடைசியில் லமாரா கதவைத் தாழிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "வெளிப்படையாச் சொல்லிடுங்க ஐயா. வக்கீலோட வருவீங்களா, போலீசோட வருவீங்களா?"

எல்குஜா திகைத்துப் போனார். "எனக்கு எதுவும் வேணாம்மா. எங்கம்மா எதேரி இங்க ஜாடி கழுவினவங்க. நிறைமாசத்துல ஒரு ஜாடிக்குள்ள இறங்கினாங்களாம். ஏறி வர்றதுக்குள்ள நான் பொறந்துட்டேன். சாகும்போதுதான் சொன்னாங்க. அது எந்த ஜாடின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சு."

லமாராவுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கூடத்துக்கு மேற்பார்வை அவளுடைய மாமியார். ஒரு வருஷத்து ஒயின் முழுக்கப் பால்வாசம் அடித்ததையும், ஜாடியைக் கெடுத்துவிட்டாள் என்று ஒருத்தியைக் கைக்குழந்தையோடு துரத்தியதையும் மாமியார் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். கேட்ட லமாராவும் சிரித்திருந்தாள்.

அவரை மாமியார் காட்டியிருந்த மூலை ஜாடிக்கு அழைத்துப் போய், மண்டியிட்டு, களிமண்ணைச் சுரண்டி மூடிக்கல்லை நகர்த்தினாள். உள்ளே கிடந்த ஒயின் வாய்வரை எழும்பி வந்து, கன்றுக்குட்டி முட்டுவதுபோல அவர் உள்ளங்கையை முட்டியது.

"நம்பாதீங்க அண்ணி" என்றான் பத்ரி.

"நீ வாய மூடு. கோப்பை எடுத்துட்டு வா."

குடிப்பழக்கமே இல்லாத எல்குஜா அன்று குடித்தார், அழுதுகொண்டே.

இப்போது ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறார். அவர் இருக்கும் நாட்களில் கோப்பையில் விரலளவு குறைத்து ஊற்றுகிறார்கள். பத்ரிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கடைவாய்ப் பல்லை அவரிடமே காட்டியபோதும் கண்ணை மூடாமல்தான் உட்கார்ந்திருந்தான். ஒயின் ஏன் சாய்கிறது என்று பயணிகள் யாராவது கேட்டால், "அவரு இங்க பொறந்தவரு" என்று சொல்லிவிட்டு லமாரா ரொட்டி நறுக்கப் போய்விடுவாள்.