மூன்றாம் வரியில் ஓர் ஓட்டை

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி நிலையத்துக்குப் பட்டியல் போய்விடும். ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கக் கற்றுத்தரும் அந்த இரண்டு வருடப் படிப்பில் இந்தப் பள்ளிக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஓர் இடம். அது பஸ் டிரைவரின் மகளுக்குத்தான் என்று பேச்சளவில் முடிவாகியிருந்தது. ஆனால் பட்டியலைத் தயாரிக்கும் பூகோள டீச்சரிடம் பேச்சளவு என்று ஓர் அளவே கிடையாது. படிவம் வேண்டும்.

அதை நிரப்பவும் ஒரு முறை உண்டு. 'பள்ளி முடிந்தபின் என்ன செய்யப் போகிறாய்?' என்ற மூன்றாம் வரியை முதலில் பென்சிலில் எழுத வேண்டும். அடுத்து, வீட்டில் காட்டிக் கலந்து பேச வேண்டும். கடைசியாக, பேனாவால் எழுதிப் பெற்றோர் கையெழுத்தோடு தர வேண்டும். "வாழ்க்கையைத்தான் அழிச்சு எழுத முடியாது. தாளையாவது அழிச்சுக்கட்டுமே" என்பார் டீச்சர். ஆளுக்கு ஒரே படிவம்.

திங்கள்கிழமை அவள் 'ஏசி மெக்கானிக்' என்று எழுதி வீட்டில் நீட்டினாள். அப்பா அதை அழித்து 'அரசு அலுவலகம்' என்று எழுதினார். இருபது வருடமாக இஞ்சின் சூட்டில் வேகிற மனிதர். மகளாவது மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரட்டும் என்று அவருக்கு ஆசை. செவ்வாய்க்கிழமை, தையல் வேலை செய்யும் அம்மா அதை அழித்து 'நர்ஸ்' என்று எழுதினாள். புதன்கிழமை, யாரும் கூப்பிடாமலே சித்தப்பா வந்து 'வெளிநாடு' என்று எழுதினார்.

"வெளிநாட்டுல என்ன வேலை சித்தப்பா?"

"முதல்ல போய் இறங்கு. வேலை தன்னால வரும்."

வியாழக்கிழமை அப்பா மறுபடி ரப்பரைக் கையில் எடுத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அதற்குள் தாள் மெலிந்துபோயிருந்தது. ரப்பர் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

மறுநாள் மூன்று மணிக்கு டீச்சர் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியே கரும்பலகை தெரிந்தது.

"இதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?"

"வேற ஒண்ணு குடுங்க டீச்சர்."

"ஆளுக்கு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு, வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து ஓட்டையின் ஓரங்களை ஆராய்ந்தார். அவர் முகம் மாறியது. "இதுல நாலு பேர் கையெழுத்து இருக்கு. அப்போ நாலு பேர் விண்ணப்பிச்சிருக்காங்க. மூணு பேருக்கு நான் படிவமே குடுக்கலையே!"

உடனே போன் போட்டார்.

மூன்றரைக்கு மூவரும் வந்தார்கள். அப்பாவுக்கு அடுத்த டிரிப்புக்கு அரை மணி நேரம் இருந்தது. அம்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சித்தப்பா, வழக்கம்போல, கூடவே வந்தார். மாணவர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர்களுக்கும் அவளுக்குமாக, ஓட்டைப் படிவத்தை ரத்து செய்துவிட்டு, டீச்சர் நான்கு புதுப் படிவங்களைக் கொடுத்தார்.

"அவங்கவங்க பேரை எழுதி, அவங்கவங்க ஆசையை எழுதுங்க. நாலாவது வரியை விட்டுடாதீங்க."

நாலாவது வரி: 'இதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறாய்?'

அம்மா பென்சிலைக் கடித்தாள். "ஊசி பிடிச்சிருக்கேன்னு எழுதலாமா டீச்சர்?"

"ரத்தம் பார்ப்பீங்களா?"

"விரல்ல ஒரு சொட்டு வந்தாலே கண்ணு இருட்டிடும்."

"உங்க பொண்ணுக்கு?"

"அவ என்னைத் தூக்கிச் சாப்பிட்டவ. பக்கத்து வீட்டுக்காரருக்கு அடிபட்டா இவ விழுவா."

சித்தப்பா சிரித்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "பாஸ்போர்ட் இருக்கா சார்?"

"போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

"எப்போ எடுத்தது?"

"மீசை கறுப்பா இருந்தப்போ."

அப்பா மட்டும் தலை நிமிராமல் எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தாள். 'பரீட்சை எழுதினேன். மூன்று முறை.'

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"பாஸாகியிருந்தா சொல்லியிருப்பேன்."

மகளின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நாலாவது வரி போதவில்லை. தாளைத் திருப்பியும் எழுதினாள். அப்பா அதை வாங்கிப் படித்தார். எதிர்வீட்டு ஏசி. பள்ளியின் தண்ணீர் கூலர். சொந்த வீட்டு ஃபிரிட்ஜ்: பிரித்தது இரண்டு முறை, மாட்டியது ஒரு முறை.

"அதான் மூணு நாளா வீட்டுல வெந்நீராக் குடிக்கிறோமா? ரெண்டாவது தடவை ஏன் மாட்டலை?"

"அதைக் கத்துக்கத்தானேப்பா போறேங்கிறேன்!"

முதலில் சிரித்தது அம்மாதான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. பழக்கதோஷத்தில் அவர் கை ரப்பரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி மகளிடம் கொடுத்தார்.

"அழுத்தி எழுது. உன் சித்தப்பன் வந்து அழிச்சுடப் போறான்."

அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, டிரிப்புக்கு ஓடினார். நான்கடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போனது.

ஆனால் டீச்சர் எந்தத் தாளையும் வீணாக்குகிறவர் இல்லை. திங்கள்கிழமை அறிவிப்புப் பலகையில் நாற்பத்தொரு மாணவரின் எதிர்காலமும் வரிசை எண்ணோடு ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே மேலும் மூன்று எண்கள். நாற்பத்திரண்டு: பஸ் டிரைவர், அரசு அலுவலகம், வயது வரம்பு கடந்தது. நாற்பத்து மூன்று: தையற்காரி, நர்ஸ், முதலில் மயக்கத்துக்கு வைத்தியம் பார்க்கவும்.

நாற்பத்து நான்குக்கு நேரே, 'பாஸ்போர்ட் வந்ததும் தெரிவிக்கவும்' என்று இருந்தது. பள்ளி வரலாற்றிலேயே டீச்சரின் பேச்சைக் கேட்டு அன்றே காரியத்தில் இறங்கியவர் சித்தப்பா ஒருவர்தான். மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு, புது போட்டோ எடுக்கப் போய்விட்டார்.