மூணு தட்டு

அந்த முதலைக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது அக்காவின் தங்கச்சிதான். வருவார், படுப்பார், வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்வார், ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். ஆனால் மற்றவர்கள் மட்டும் அவரைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போக வேண்டும். வேறு என்ன பேர் வைக்கிறது? அந்த வீட்டின் நிஜ மாப்பிள்ளை, அதாவது அக்காவின் புருஷன், இதைக் கேட்டு முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள், "உன்னைத்தான் இன்னும் யாருக்கும் கட்டிக் குடுக்கலயே. அப்ப அவர் எனக்குச் சகலைதான்" என்று கொழுந்தியாளைத் திருப்பி வாரிவிட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் அது சகலை, தங்கச்சி வாயில் மாப்பிள்ளை.

அக்காவுக்குக் கூடப் பிறந்தவள் இந்த ஒருத்திதான். ஆனாலும் கடைக்கு வருகிற நரைத்த தலைக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போடுகிற அதட்டல் அப்படி. ஆற்றங்கரையில் தகரக்கூரை போட்ட கடை, முன்னால் பலகைத் துறை, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கயாக்குகள் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகுகள், கொடியில் காயும் லைஃப் ஜாக்கெட்டுகள். துறைக்கு மேல்பக்கம் ஆறு ஒடுங்கி வளைந்து போகும். அது அக்காவின் கயாக்குகளுக்கு. கீழ்ப்பக்கம் அகன்று, சேறும் திட்டுமாகக் கிடக்கும். அங்கே புருஷன் மோட்டார் படகில் ஆளேற்றிப் போய் முதலை காட்டுவார். நடுவில் துறையிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் ஒரு மிதவைக் கயிறு. மேலே கயாக், கீழே முதலை, இதுதான் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை மாப்பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் தன் திட்டை விட்டு மேலே வந்ததில்லை. அவர் பாட்டுக்கு இருந்தார், இவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

கயாக்கில் போகிறவர்களுக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். முன்பெல்லாம் ஆளுக்கொரு விசில் கொடுத்துப் பார்த்தாள். கொடுத்தது தப்பாகப் போச்சு. பெரியவர்களே பிள்ளைகள் மாதிரி நாள் முழுக்க ஊதித் தள்ளினார்கள், கடைசியில் விசில் கேட்டால் யாரும் தலையைக்கூடத் திருப்பாமல் ஆகிவிட்டது. அதனால்தான் இந்த மூணு தட்டு. ஏதாவது ஆபத்து என்றால் துடுப்புக் கட்டையால் கயாக்கின் வயிற்றில் மூணு தடவை தட்ட வேண்டும். நிறுத்தி, மறுபடி மூணு. தண்ணீர் மேல் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? கடைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் காதில் விழும். கிளம்பும் முன் துறையிலேயே எல்லாரையும் ஒருதரம் தட்டிக் காட்டச் சொல்வாள். தட்டத் தெரியாதவனுக்குக் கயாக் கிடையாது.

கொஞ்ச நாளாக ஒரு விஷயம் அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேலே வர ஆரம்பித்திருந்தார். காலையில் ஆட்களைத் தட்டவைத்துக் கிளப்பும் நேரத்தில், மிதவைக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் அவர் கண் மட்டும் ரெண்டு மொட்டாகத் தண்ணீருக்கு மேல் தெரியும். முதலில் கட்டை என்று நினைத்தாள். கட்டை ஆற்றோடு போகும், இது ஆற்றை எதிர்த்து நின்றது.

"என்னங்க, உங்க சகலை ஏன் இங்க வந்து நிக்கிறார்?" என்று கேட்டாள்.

"தண்ணி குறைஞ்சிருக்கு, அதான்" என்றார் புருஷன், இஞ்சினைத் துடைத்துக்கொண்டே. கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவும் அதோடு விட்டுவிட்டாள். வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், யார் துருவிக்கொண்டிருப்பது?

அன்றைக்கு மோட்டார் படகில் கயிறு கட்டிவிடுகிற ஆள் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கயாக் கேட்டு யாரும் வரவில்லை. "நான் வரேன், நானும் உங்க தொழிலைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று அக்கா படகில் ஏறிக்கொண்டாள். லீவில் வந்திருந்த தங்கச்சி சும்மா கிடக்கிறாளே என்று அவளுக்கும் ஒரு வேலை கொடுத்தாள். "அந்த மஞ்சள் கயாக்கில நேத்து ஒட்டுப் போட்டிருக்கு. மேல வளைவு வரைக்கும் ஓட்டிப் பாரு, தண்ணி கசியுதான்னு சொல்லு."

"சம்பளம் உண்டா?"

"சாப்பாடு உண்டு. கிளம்புடி."

படகில் நாலு பேர் வந்திருந்தார்கள். ஒரு புதுசாகக் கல்யாணமான ஜோடி, பையனின் அம்மா, சித்தி. சித்தி மடியில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பை. படகு திட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. வெயில், சேறு, நாணல். முதலையைக் காணோம். புதுப்பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அலுத்துப்போய்க் கீழே இறக்கினான்.

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்றார் அக்காவின் புருஷன். குரலில் ஒரு பெருமை இருந்தது. ஒரு கட்டையை எடுத்தார், படகின் பக்கவாட்டில் தட்டினார். டொக், டொக், டொக்.

நாணலுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வந்தார். அவசரமே இல்லை. நேராகப் படகைப் பார்த்து வந்தார், ஒரு கை தூரத்தில் நின்றார். புருஷன் வாளியிலிருந்து கோழிக் கழிவை எடுத்து வீசினார். வாய் திறந்தது, மூடியது, தண்ணீர் தெறித்தது. சித்தி "ஆத்தாடி!" என்று கத்தினாள், மற்றவர்கள் கை தட்டினார்கள்.

அக்கா கை தட்டவில்லை. புருஷன் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"எத்தனை நாளா இது?" என்றாள் மெதுவாக, நாலு பேர் காதில் விழாமல்.

"ஒரு மாசம் இருக்கும். வந்தவன் ஒருத்தன் மரக்கட்டையைக் காட்டி ஏமாத்துறேன்னுட்டான். எனக்கு மானம் போச்சு. இப்பப் பாரு, கூப்பிட்டா வரார்."

"எதுக்கு மூணு தட்டினீங்க?"

அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் அதை யோசித்ததே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "கை தானா போச்சு. நம்ம கடையில தட்டினா மூணுதானே."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது, வாளியைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் மேலே வளைவுப் பக்கமிருந்து கேட்டது. டொக், டொக், டொக்.

வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? அவள்தான். அக்காவே வேலை சொல்லி அனுப்பியவள்தான். அடுத்த துண்டுக்காகப் படகோரம் காத்திருந்த மாப்பிள்ளை தலையைத் திருப்பினார். பிறகு தலை இறங்கியது, தண்ணீர் மூடிக்கொண்டது, எந்தப்பக்கம் போனார் என்று சொல்ல ஒரு குமிழிகூட இல்லை.

"படகைத் துறைக்கு விடுங்க" என்றாள் அக்கா. அவள் குரல் அத்தனை அமைதியாக இருந்ததைப் பார்த்துப் புருஷனுக்குப் பயம் வந்துவிட்டது. "வளைவுக்குப் போகாதீங்க. நம்ம படகு போனா அவரும் சோத்துப் பின்னாலயே வருவார். என்னையும் இவங்களையும் துறையில இறக்கிட்டு, திரும்ப இங்கயே வந்து நின்னு தட்டுங்க. அவளை விடச் சத்தமா. நிறுத்தாம."

"வாளியில ஒண்ணுமில்லையேடி."

அக்கா சித்தியைப் பார்த்தாள். சித்திக்கு விவரம் முழுசாகத் தெரியாது, ஆனால் பொம்பளை பொம்பளை முகத்தைப் பார்த்தால் தெரியாதா? பையை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். "வறுத்த கோழி இருக்கு, அவிச்ச முட்டை இருக்கு. எடுத்துக்கோ தாயி. யாரு தண்ணியில?"

"என் தங்கச்சி."

துறையில் பலகை இடித்ததும் அக்கா குதித்தாள். கரையோரப் பாதையில் ஓடினாள். செருப்பு ஒன்று போயே போச்சு. பின்னால் புருஷன் தட்ட ஆரம்பித்திருந்தார், டொக் டொக் டொக், டொக் டொக் டொக். முன்னால் தங்கச்சி தட்டிக்கொண்டிருந்தாள், சொல்லிக் கொடுத்தபடியே, நிறுத்தி நிறுத்தி, ஒழுங்காக. ஒரு பேச்சுக் கேட்காதவள், வாலு என்று வீட்டில் பேரெடுத்தவள், இன்றைக்கென்று பார்த்து எல்லாவற்றையும் சொன்னபடி செய்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வளைவில் விழுந்து கிடந்த மரத்தோரம் மஞ்சள் கயாக் பாதி முங்கி நின்றது. ஒட்டு பிய்ந்துபோயிருக்க வேண்டும். தங்கச்சி முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கயாக்கை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உன் ஒட்டு அழகைப் பாரு! கயாக்கா வடிகட்டியா இது?" என்றவள் மறுபடி துடுப்பை ஓங்கினாள்.

"தட்டாதேடி! துடுப்பைப் போடு. மரத்து மேல ஏறு."

"கயாக் போயிடும்க்கா."

"போய்த் தொலையட்டும்! ஏறு!"

அக்கா கத்தி அவள் கேட்டிருக்கிறாள், ஆனால் அந்தக் குரலைக் கேட்டதில்லை. கேள்வி கேட்காமல் ஏறினாள். வழுக்கியது, தொடை உரசித் தோல் போனது, கிளையைப் பிடித்துத் தொங்கி மேலே வந்தாள். அக்கா கரையிலிருந்து மரத்தண்டின் மேல் போய், அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேட்டுக்கு ஏற்றினாள். ஏறிய பிறகும் கையை விடவில்லை.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

அக்கா ஆற்றுப் பக்கம் கையை நீட்டினாள். மிதவைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம், வளைவுக்கும் கயிற்றுக்கும் நடுவில், ரெண்டு மொட்டும் நீளமான முதுகும் மிதந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை கயாக்கைப் பார்த்து நின்றார். கீழே இருந்து தட்டல் வந்துகொண்டே இருந்தது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த உடம்பு மெதுவாகத் திரும்பியது, கயிற்றுக்கு அடியில் புகுந்து கீழே போனது, வறுத்த கோழிக்கு.

தங்கச்சி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அக்கா அழுதாள், நன்றாக, சத்தம் போட்டு.

மத்தியானம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "திட்டு, நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு" என்றார். அக்கா திட்டவில்லை. நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மாசமாகத் துறையில் நின்று அவள் எத்தனை பேரைத் தட்டவைத்திருப்பாள்! அப்பனையும் மகளையும், தாத்தாவையும் பேரனையும். தட்டினால்தான் கயாக் என்று கறாராக வேறு நின்றிருக்கிறாள்.

"வேற மாதிரி தட்டச் சொன்னா என்னக்கா? அஞ்சு தட்டு?" என்றாள் தங்கச்சி.

"அவருக்கு எண்ணத் தெரியும்னு உனக்கு யார் சொன்னது?" என்றாள் அக்கா. "தட்டினா சோறுன்னு ஆயிடுச்சு. இனி அது அவர் மனசை விட்டுப் போற வரைக்கும் இந்தத் துறையில இருந்து ஒரு கயாக்கும் இறங்காது. நாளைக்கு வனத்துறைக்காரங்ககிட்ட நாமளே போய்ச் சொல்றோம்."

"நான் சொல்றேன். செஞ்சது நான்" என்றார் புருஷன்.

சாயங்காலம் அவரே ஒரு பலகையில் பெயிண்டால் எழுதினார்: கயாக் கிடையாது. தண்ணீரில் இறங்காதீர்கள். எழுத்துக் கோணலாக இருந்தது, ஆனால் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. அதைத் துறையின் முனைக்கம்பத்தில் அடிக்கக் கொண்டுபோனார். அக்கா பின்னாலேயே போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி தொடையில் மருந்து போட்டுக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். காற்று விழுந்து ஆறு அசங்காமல் கிடந்தது. அவர் ஆணியை வைத்தார், சுத்தியலால் அடித்தார். டொக், டொக், டொக்.

அடித்த கை அந்தரத்தில் நின்றது. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழ்ப்பக்கமிருந்து, ஆற்றை எதிர்த்து, ரெண்டு மொட்டு வந்தன. துறையின் கால்கள் வரைக்கும் வந்து நின்றன.

அக்கா புருஷனின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு, அவரைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "பலகையைக் கடைச் சுவர்ல கட்டுவோம். கம்பி இருக்கு" என்றாள். கட்டி முடிக்கிற வரைக்கும் மொட்டு ரெண்டும் அங்கேயே இருந்தன.

"கூப்பிட்டுட்டு ஒண்ணும் போடலையேன்னு பாக்கறார் சகலை" என்றார் புருஷன்.

எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிற தங்கச்சி சிரிக்கவில்லை. தண்ணீர் எங்கோ கிடக்க, படியில் தொங்கப்போட்டிருந்த ரெண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள்.