இத்தசால யோகம்

அரபு நாட்டில், ஜெபல் அலி துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு சீல் சரிபார்க்கிற வேலையில் இருந்த பாலகுருவுக்கு, வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் தனி மரியாதை. மற்ற நாட்களில் "ஏய் பாலா, அந்தப் பெட்டி நம்பரைப் பாத்தியா இல்லியா?" என்று யார்டே அதிரக் கத்துகிற ஃபோர்மேன் அன்பரசன்கூட, அன்றைக்கு மட்டும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "ஜோசியரே, நம்ம கட்டத்தையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவனுடைய இரும்புக் கட்டிலின் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொள்வார்.

பாலகுரு அருப்புக்கோட்டைப் பக்கம். ஜோசியத்தைத் தபால் வழியில் படித்துத் தேறியவன். ஆயுள் முழுவதற்கும் பலன் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவன் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவனுக்கு ஆயுள் முழுவதும் எதற்கு? இந்த வருஷம் காண்ட்ராக்ட் நீளுமா, இந்த வருஷம் லீவு கிடைக்குமா, அவ்வளவுதானே கேள்வி. அதற்கென்றே இருக்கிறது வருஷ ஜாதகம். தாஜிக முறை என்று அதற்குப் பெயர். "தாஜிக மகரிஷி அருளிச் செய்தது" என்று ஆரம்பித்துத்தான் அவன் பலன் சொல்வான். அப்படி ஒரு மகரிஷி இருந்ததாகத் தபாலில் வந்த பாடத்தில் எங்கும் இல்லை. ஆனால் இவ்வளவு துல்லியமான முறைக்கு ஒரு மகரிஷி இல்லாமல் இருக்க முடியாது என்று அவனே முடிவுகட்டி ஒருவரை அமர்த்திவிட்டான்.

ஊருக்கெல்லாம் இடமாற்றம் சொன்னவனுக்குத் தன் இடமாற்றம்தான் வாய்க்கவில்லை. ஆகஸ்ட் மாதத்து யார்டில் கன்டெய்னர் தகரத்தில் கை பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்திலேயே அதே கம்பெனியின் ஏசி குடோன். உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேரீச்சம்பழப் பெட்டி எண்ணுவார்கள். அங்கே மாற்றிவிடச் சொல்லி பாலகுரு கேட்காத ஆளில்லை.

அந்த நேரத்தில்தான் அன்பரசன் ஒரு செய்தியோடு வந்தார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஆகஸ்ட் கடைசி.

"பாலா, அர்பாப் உன்னப் பாக்கணுங்கிறாரு. நான்தான் காருல போறப்ப சொன்னேன், நம்மகிட்ட ஒரு சோசியர் இருக்காருன்னு. கஸாலான்னு ஒரு பேரும், பொறந்த தேதி நேரமும் குடுத்திருக்காரு. கணக்குப் போட்டுட்டு வெள்ளிக்கிழம வரச் சொன்னாரு."

அர்பாப் என்றால் முதலாளி ஈசா. அறுபதைத் தாண்டியவர், அந்த ஊர் மண்ணிலேயே பிறந்த அரபி. பாலகுரு தேதியைப் பார்த்தான். நாலு வயசு. பேத்தியாக இருக்கும் என்று முடிவுசெய்து, கட்டம் போட்டு, படிப்பு, ஆரோக்கியம் என்று எல்லாவற்றையும் தயார் பண்ணினான்.

மொழிதான் சிக்கல். அவனுடைய இந்தி "ஜல்தி", "அச்சா"வோடு நின்றுவிடும். அரபியில் "கலாஸ்", "மாஃபி" தாண்டாது. கேம்ப் வாசலுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த சதக்கத்துல்லாவைப் பிடித்தான். அவர் காயல்பட்டினத்துக்காரர், மதரஸாவில் அரபி ஓதியவர். சாயங்காலம் டீக்கு வரும் பாலகுருவிடம், கிரகத்தை நம்புவதைப் பற்றித் தினமும் சண்டை போடுகிறவர்.

"நா வர மாட்டேம்ப்பா. எங்க மார்க்கத்துல அதுக்கு எடமே இல்ல."

"நீங்க நம்ப வேணாம் பாய். அவரு கேக்குறத எனக்கு சொல்லுங்க, நான் சொல்றத அவருக்கு சொல்லுங்க."

"எல்லாம் என் வாய் வழியாத்தானே போவும்? பாவம் மட்டும் ஒட்டாம போயிருமா?"

"வர முடியாதுன்னா விடுங்க. அர்பாப்கிட்ட நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னு சொல்லிர்றேன்."

சதக்கத்துல்லா தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். அவருடைய கடை லைசென்ஸ் ஈசாவின் பேரில்தான் இருந்தது. ஈசாதான் அவருக்குக் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளி. எழுந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"வாறேன். ஆனா நா ஒரு கொழாய். தண்ணி போறதுக்கு கொழாய் பொறுப்பாவாது, பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து இரண்டு பேரும் ஈசாவின் வீட்டுக்குப் போனார்கள். விருந்தாளிகளை உட்கார வைக்கிற மஜ்லிஸில் சுற்றிலும் மெத்தை, நடுவில் பேரீச்சம்பழத் தட்டு. காவா என்கிற அரபிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். பாலகுரு ஏசியின் நேர் கீழே உட்கார்ந்தான்.

ஈசா முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினார். சதக்கத்துல்லா அதைத் தமிழில் சொன்னார்: "இது ஜோசியம் இல்லையாம். ஜோசியம் ஹராமாம். இது சும்மா இந்தியாக்காரங்க கணக்கக் கேட்டுப் பாக்குறதாம். இவரு வாப்பா முத்துக் கப்பல்ல பம்பாய்க்கு போன காலத்துல, அங்க கணக்குப் போட்டு சொல்றவங்க இருந்தாங்களாம். அந்த மாதிரி சுத்தமான இந்துஸ்தான் கணக்குதான் வேணுமாம்."

"சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் பாய். ரிஷிகள் சொன்னது. வெளி ஆளுக கை படாதது. சொல்லுங்க."

சதக்கத்துல்லா சொன்னார். ஈசா திருப்தியாகத் தலையசைத்தார்.

"பாப்பாவுக்கு இந்த வருஷம் படிப்பு நல்லா வரும். இங்கிலீஷ் மீடியத்துல சேக்கலாம்" என்று பாலகுரு தொடங்கினான்.

அது அரபியில் போய்ச் சேர்ந்ததும் ஈசாவின் முகம் ஒரு மாதிரியாகியது. அவர் ஏதோ சொல்ல, சதக்கத்துல்லா மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"கஸாலா ஒட்டகமாம்ப்பா. ரேஸ் ஒட்டகம். சீசன் தொடங்குனதும் மொத ரேஸுல ஜெயிக்குமா, ஜெயிக்காதா? அதுதான் கேள்வி."

பாலகுரு அசரவில்லை. உயிர் என்று வந்துவிட்டால் லக்னம் உண்டு. முன்பு இதே ரேஸில் ஒட்டகத்தின் மேல் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டியதும், அதைத் தடைசெய்து இப்போது ரோபோவை வைத்து ஓட்டுவதும் அவனுக்குத் தெரியும். ரோபோவுக்கு ஜாதகம் கேட்காதவரை நல்லது என்று நினைத்துக்கொண்டு, படிப்பை விட்டு ஓட்டத்துக்கு வந்தான்.

"மொதல்ல முந்தா எங்க நிக்குதுன்னு பாக்கணும். வருஷத்துக்கு ஒரு ராசியா நகந்து வந்து சேர்ற எல்லை, அதுதான் முந்தா."

சதக்கத்துல்லா அதற்கு அரபியில் வார்த்தை தேடுவதற்குள் ஈசாவே, "முன்தஹா?" என்றார்.

"அரபியிலயும் வந்து சேர்ற எல்லைய அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சதக்கத்துல்லா முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா, அவருக்கே தெரியுது!" பாலகுருவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அடுத்து, சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் இத்தசாலம் இருக்கு."

ஈசா சட்டென்று பக்கத்தில் கிடந்த மொபைலை எடுத்துப் பார்த்தார். "இத்திஸால்? யார் கூப்பிடுறது?"

மணி அடிக்கவில்லை. ஈசா மொபைலைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பாய், என்ன ஆச்சு?"

"நீதான் போன் வந்திரிக்கிண்டு சொன்னியாம்."

"நான் எங்க சொன்னேன்?"

"என் கடையில தெனம் போன் கார்டு வாங்குறியே, அதுல என்னா பேரு போட்டிரிக்கி? எத்திஸலாத். இத்திஸால்ண்டா ஒண்ணோட ஒண்ணு தொடுறது. தொடர்பு."

"அதேதான் பாய்! ரெண்டு கிரகம் ஒண்ண ஒண்ணு தொட வர்றதுதான் இத்த..." என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போன பாலகுரு பாதியில் நிறுத்தினான். இருந்தாலும் விடவில்லை. கட்டத்தைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "புதன் விலகிப் போறான். அது ஈசராபம்" என்றான்.

"இன்சிராஃப்" என்றார் ஈசா. "போவதற்குத்தான் அப்படிச் சொல்வோம்."

"சந்திரன் வந்து கை கொடுக்குறான். அது கம்பூலம்."

இந்தத் தடவை சதக்கத்துல்லாவுக்கே தாங்கவில்லை. "கபூல்! டேய், என் நிக்காஹ்ல நா சொன்ன வார்த்தடா அது! ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம்!"

ஈசா காவாக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவர் பேசிய பேச்சின் வேகத்திலேயே பாலகுருவுக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதியைச் சதக்கத்துல்லா, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இந்துஸ்தான் கணக்கு கேட்டா, நம்ம பாஷையவே கொஞ்சம் திரிச்சு நம்மளுக்கே விக்க வந்திரிக்கியாம். நாந்தான் கடையில வச்சு உனக்கு சொல்லிக் குடுத்தேனாம். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணியாம்."

"பாய், சத்தியமா இது சமஸ்கிருதம். தாஜிக மகரிஷி..."

"மகரிஷி அரபியாப்பா?"

பாடத்தை நெட்டுருப் போட்டபோது, இந்தச் சொற்களில் ஒன்றுகூட வேறு எந்த சுலோகத்திலும் வராதது பாலகுருவுக்கு உறுத்தியதுண்டு. அது அவற்றின் தெய்விகம் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

சதக்கத்துல்லாவின் நிலைமை அதைவிட மோசம். வார்த்தை அரபி என்று ஒப்புக்கொண்டால், ஹராமான சரக்கை அரபிகளே கப்பலேற்றி அனுப்பினார்கள் என்றாகிவிடும். இல்லை என்றால் கஃபீல் முகத்துக்கு நேரே பொய். கடைசியில் அவர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்து அரபியில் நீளமாகப் பேசினார். வியாபாரம் போன இடத்துக்கெல்லாம் வார்த்தையும் போயிருக்கும், கணக்கு நம்பரெல்லாம் இந்தியாவிலிருந்து இங்கே வந்தபோது இதுவும் இங்கேயிருந்து அங்கே போயிருக்கும், இந்தப் பையன் வாங்கிய இடத்தை மறந்துவிட்டான், அவ்வளவுதான் என்று சொன்னாராம். பிறகு பாலகுருவிடம் தமிழில், "வார்த்த எங்களது. சரக்கு உங்களது. அதுல மட்டும் மாறாத" என்று கடுமையாகச் சொன்னார்.

"இல்ல பாய், வார்த்தயும் எங்களதுதான்."

"வாய மூடு!"

ஈசா கொஞ்சம் தணிந்தார். ஆனால் ஏமாற்றம் போகவில்லை. நட்சத்திரம் என்றால் தன் வாப்பாவுக்குத் தெரிந்த நட்சத்திரம் என்று பேச ஆரம்பித்தார். கோடை முடிகிற சமயத்தில் விடியற்காலை தெற்கே சுஹைல் உதிக்கும். அது தெரிந்தால் வெயில் முறிந்துவிட்டது என்று அர்த்தம். கடலில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

"தெக்க, தனியா, பளிச்சினு நிக்குமா?" பாலகுரு நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாய், அது எங்க அகத்தியர்! அகத்தியர் உதிச்சா கலங்குன தண்ணியெல்லாம் தெளியும், வெக்க அடங்கும்னு எங்களுக்கும் உண்டு."

சதக்கத்துல்லா சொல்லி முடிப்பதற்குள் ஈசா மெத்தையிலிருந்து முன்னால் நகர்ந்து வந்துவிட்டார். அகத்தியர் யார், மலையை அடக்கினாரா, கடலைக் குடித்தாரா, உண்மையாகவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுஹைலும் தெற்கே ஓடிப்போய் ஒதுங்கியவன்தான் என்று தன் பங்குக்கு ஒரு கதை சொன்னார். சதக்கத்துல்லாவும் தடையில்லாமல் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். இதில் பாவம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை போலும். இரண்டாவது தடவை காவா வந்தது. இதுதான், இதுதான் நான் கேட்ட இந்துஸ்தான் கணக்கு என்று ஈசா பாலகுருவின் முதுகில் தட்டினார்.

காற்று இப்படி வீசும்போதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று பாலகுரு தன் விண்ணப்பத்தை எடுத்துவிட்டான். "பாய், மெதுவா சொல்லுங்க. யார்டுல வெயில் தாங்கல. ஏசி குடோனுக்கு மாத்திவிட்டா புண்ணியமாப் போகும்."

ஈசா கேட்டார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பாலகுருவும் சிரித்தான்.

"சுஹைல் உதிச்சு ஒரு வாரம் ஆச்சாம்" என்றார் சதக்கத்துல்லா. "இனிமே வெயிலு ஏது, அதுக்கு எதுக்கு ஏசிண்டு கேக்குறாரு. வெக்க அடங்கும்ண்டு நீயே இப்பத்தானே சொன்னே?"

திரும்பி வரும்போது டாக்ஸிக்கு வெளியே வெக்கை அடங்கினதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

கிளம்புகிற அவசரத்தில், கஸாலா ஜெயிக்கும் என்று மட்டும் பாலகுரு சொல்லிவிட்டு வந்திருந்தான். அக்டோபரில் அது ஓடியது. எல்லாருக்கும் முன்னால் பறந்த வேறொரு ஒட்டகம் பாதி வழியில் என்ன நினைத்ததோ, ரோபோவோடு திரும்பி வந்த வழியே ஓட ஆரம்பித்துவிட, கஸாலா முதலில் வந்து நின்றது. ஈசா ஒருவர் கேட்டதை மறக்கிறவர் இல்லை. மறுவாரமே பாலகுருவுக்கு இடமாற்றம் வந்தது. பாலைவனத்துக்குள் இருந்த அவருடைய ஒட்டகப் பண்ணைக்கு. சுஹைல் தெரிந்த ஆள் ஒட்டகத்தோடுதான் இருக்க வேண்டும், பெட்டியோடு என்ன வேலை என்றாராம்.

யார்டிலாவது கன்டெய்னரின் நிழல் இருந்தது. பண்ணையில் அதுவும் கிடையாது. ஊரில் இருந்த மனைவி அருணா போனில், "பிரமோஷன்னு அன்பரசன் அண்ணன் சொன்னாரே?" என்றபோது, ஆமாம் என்று சொல்லிவைத்தான்.

முதல் சில வாரம் அவன் யாருக்கும் பலன் சொல்லவில்லை. தாஜிக மகரிஷியின் பெயரை எடுத்தாலே நாக்கு இடறியது. ஆனால் கஸாலா ஜெயித்த செய்தி அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குப் பரவி, வெள்ளிக்கிழமைகளில் லேண்ட் குரூஸர்கள் வந்து நிற்கத் தொடங்கின. மளிகைச் சாமான் கொண்டுவரும் சாக்கில் சதக்கத்துல்லாவும் வருவார். ஹராம் என்று சொல்லிக்கொண்டே ஓரமாக உட்கார்ந்திருப்பார். பாலகுருவின் உச்சரிப்பு மட்டும் அவருக்குப் பொறுக்காது.

அன்றைக்கு வந்திருந்த கிழவர் ஒருவர், தன் ஒட்டகத்தின் பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார். பாலகுரு கட்டத்தைப் போட்டு, "சந்திரனுக்கும் குருவுக்கும் இத்தசாலம்" என்றான்.

"இத்திஸால்" என்று ஓரத்திலிருந்து சதக்கத்துல்லா திருத்தினார். "தொண்டைய அடைக்காம சொல்லுப்பா. பெரியவர்க்கு வெளங்கணும்ல."

"இத்திஸால்" என்றான் பாலகுரு.

இந்தியாக்காரனின் கணக்கு என்றால் இந்தியாக்காரனின் கணக்குதான் என்று கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.